வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்காக என்னைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்களா?

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலிப் பக்கம். மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, யூட்டா மாநிலம் லீஹையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். அவர் குடும்பம் பல தலைமுறையாக மார்மன் சபை. அவருக்காக மட்டும் இல்லை, மனசார நம்பித்தான் நானும் ஞானஸ்நானம் எடுத்தேன். பிறகு டெம்பிளில் எங்கள் இருவரையும் என்றென்றைக்குமாக இணைத்து வைத்தார்கள். மகனுக்குச் சீக்கிரமே எட்டு வயது முடிகிறது. அவனுடைய ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு நடக்கிறது.

எங்கள் வார்டில், அதாவது எங்கள் பகுதிச் சபையில், பெண்களுக்கான ரிலீஃப் சொசைட்டி வகுப்பில் நான் அவ்வப்போது பாடம் எடுப்பேன். சமீபத்தில் ஒரு ஞாயிறு, 1978 வரை கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) மறுக்கப்பட்டிருந்த விஷயம் பேச்சில் வந்தது. "கர்த்தர் காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டார்" என்று வயதில் மூத்த ஒரு சகோதரி சொன்னார். "என் மனசுக்கு அது கர்த்தர் சொன்னதாகப் படவில்லை. மனுஷர் செய்த தப்பு என்றுதான் நினைக்கிறேன்" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் பிறகு கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். யாரோ ஒருவர் வார்டின் தலைவரான பிஷப்பிடம் போய்ச் சொல்லிவிட்டார். "அடுத்த வாரம் கொஞ்ச நேரம் பேசலாமா?" என்று பிஷப் செய்தி அனுப்பியிருக்கிறார்.

"நீ நினைப்பது தப்பில்லை, அதை ஏன் அங்கே போய்ச் சொன்னாய்?" என்கிறார் கணவர். மாமியார் போனில் அழுகிறார். என்னை நீக்கிவிடுவார்களா? மகனின் ஞானஸ்நானம் நின்றுபோகுமா? வேறு கருத்து உள்ளவர்களுக்கு இந்தச் சபையில் இடமே கிடையாதா? வாயை மூடிக்கொண்டு இருப்பதா, வெளியே வந்துவிடுவதா? ஊரில் அம்மா கல்யாணத்தின்போதே "இந்தச் சபையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றவர். அவரிடம் இதைச் சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, யூட்டா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்குப் பதில். வகுப்பில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக உங்களை நீக்க மாட்டார்கள். மகனின் ஞானஸ்நானமும் நிற்காது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சபையின் சொந்த விதிகளை வைத்தே சொல்கிறேன்.

நான் குடும்ப ஆலோசகர். அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனால் அந்தச் சபைக் குடும்பங்கள் பலவற்றோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களுடைய வாழ்க்கை புரிய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சபையின் வரலாற்றை விடாமல் படித்து வருகிறேன். அதனால் என் பதிலில் பாதி குடும்பத்தைப் பற்றியும் பாதி வரலாற்றைப் பற்றியும் இருக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது.

சபையின் பொதுக் கையேடு யாரும் இணையத்தில் படிக்கக்கூடிய ஆவணம். பிஷப்பைப் பார்க்கப் போகுமுன் அதில் விசுவாசத் துரோகம் பற்றிய பகுதியைக் கணவரோடு சேர்ந்து படித்துவிடுங்கள். சபைக்கும் அதன் போதனைக்கும் தலைவர்களுக்கும் எதிராக ஒருவர் திரும்பத் திரும்ப, வெளிப்படையாக, வேண்டுமென்றே, பொதுவெளியில் செயல்பட வேண்டும் என்கிறது அது. சபையின் போதனை அல்லாத ஒன்றைச் சபையின் போதனை என்று சொல்லிக் கற்பித்து, பிஷப் திருத்திய பிறகும் அதையே தொடர்வதையும் சேர்த்துச் சொல்கிறது. நீங்கள் சொன்னது ஒரு முறை. "என் மனசுக்கு", "நினைக்கிறேன்" என்று உங்கள் கருத்தாகத்தான் சொன்னீர்கள். சபை இப்படிப் போதிக்கிறது என்று சொல்லவில்லை. தவிர, உறுப்பினர் நிலையை விசாரிக்கும் கூட்டத்தை, பல வார்டுகளுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பிஷப் தானாகக் கூட்ட முடியாது. கொஞ்ச நேரம் பேசலாமா என்று வந்த செய்திக்கும் அந்த விசாரணைக்கும் நடுவே நிறையத் தூரம் இருக்கிறது.

இனி நீங்கள் சொன்ன கருத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியாரும் அந்த மூத்த சகோதரியும் நினைப்பதுபோல அது வெளியாளின் வாதம் இல்லை. அந்தச் சபைக்குள்ளேயே அதற்கு நீண்ட கதை இருக்கிறது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் உயிரோடிருந்த 1836-லேயே எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் வழங்கப்பட்டது. 1852-ல், ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் தான் தடையைப் பொதுவில் அறிவித்தார். 1949-ல் சபைத் தலைவரும் அவருடைய ஆலோசகர்களும் அடங்கிய பிரதான தலைமைக் குழு ஓர் அறிக்கை விட்டது. இது வெறும் கொள்கை முடிவு இல்லை, ஆண்டவரின் நேரடிக் கட்டளை என்று அதில் அழுத்தமாகச் சொன்னது.

அடுத்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டெர்லிங் மக்மரின் என்று ஒரு தத்துவப் பேராசிரியர். சபையில் பிறந்தவர். ஆனால் சபையின் வேத நூலான மார்மன் புத்தகம் தேவதூதர் வழியாக வந்தது என்பதைத் தன்னால் நம்ப முடியவில்லை என்று ஒளிக்காமல் சொல்பவர். அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மூத்த தலைவர்கள் சிலர் முனைந்தார்கள். 1954-ல் சபைத் தலைவர் டேவிட் ஓ. மெக்கே தாமே அவரைச் சந்தித்து, உன்னை விசாரணைக்கு நிறுத்தினால் உன் பக்கத்தின் முதல் சாட்சியாக நான் வந்து நிற்பேன் என்று சொன்னார். அந்தச் சந்திப்பிலேயே, கறுப்பினத்தவர் மீதான தடை போதனை இல்லை, ஒரு நடைமுறைதான், ஒரு நாள் மாறும் என்றும் சொன்னார். இதையெல்லாம் பிற்காலத்தில் மக்மரினே வெளியே சொன்னார். அவர்மேல் கடைசிவரை நடவடிக்கை வரவில்லை. 1961-ல் அவர் அமெரிக்க அரசின் கல்வி ஆணையரானார். 1960-களின் பிற்பகுதியில் இந்தத் தடையைப் பொது மேடையிலேயே கண்டித்தார். அப்போதும் உறுப்பினராகவே இருந்தார்.

ஆனால் 1970-ல் இறக்கும்வரை மெக்கே அந்த வார்த்தையை மேடையில் சொல்லவில்லை. 1949 அறிக்கை எழுத்தில் அப்படியே நின்றது.

1977 அக்டோபரில் சால்ட் லேக் நகரில் பொது மாநாடு. தலைவர்களை ஆதரித்துக் கை உயர்த்தச் சொல்வதும், எதிர்ப்பவர் உண்டா என்று கேட்பதும் வழக்கம், உங்களுக்குத் தெரியும். இந்தத் தடையை எதிர்த்து வந்த பைரன் மார்ச்சன்ட் என்பவர் எதிர்ப்பவர் பக்கம் எழுந்தார். அதே மாதம் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். எட்டு மாதம் கழித்து, 1978 ஜூனில், அந்தத் தடையே போய்விட்டது. அந்த ஆகஸ்டில், தடையை ஆதரித்துப் பல ஆண்டுகள் எழுதிவந்த அப்போஸ்தலர் புரூஸ் மக்கான்கி ஒரு கூட்டத்தில் பேசினார். இதைப் பற்றி நானும் பிரிகாம் யங்கும் மற்றவர்களும் முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள், அப்போது எங்களுக்கு இருந்த புரிதல் குறைவு என்றார்.

மக்மரினும் மார்ச்சன்டும் சொன்னது ஒரே கருத்து. ஒருவரைச் சபைத் தலைவரே அரவணைத்தார். மற்றவர் வெளியேற்றப்பட்டார். ஒருவர் தலைவருக்கு அறிமுகமான பேராசிரியர், மற்றவர் சாதாரண உறுப்பினர். ஒருவர் தன் மேடையில் பேசினார், மற்றவர் சபையின் மாநாட்டிலேயே கை தூக்கினார். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டு பேரின் கதையில் இருக்கிறது. மாற்றுக் கருத்துக்கு அந்தச் சபையில் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் எங்கும் எழுதிவைக்கப்பட்ட உரிமையாக இல்லை. உங்களுக்கு வாய்க்கிற பிஷப்பின், ஸ்டேக் தலைவரின் மனசைப் பொறுத்து இருக்கிறது. தனி அறையில் விரிந்து கொடுக்கும், பொது இடத்தில் சட்டென்று சுருங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மறக்கவே முடியாதது அது. 1945 ஜூனில் சபையின் மாத இதழில், வீடுவீடாகப் போய்ப் படிப்பதற்கான ஒரு செய்தி வந்தது. தலைவர்கள் பேசிவிட்டால் சிந்திக்க வேண்டியதெல்லாம் சிந்தித்தாகிவிட்டது என்பது அதன் சாரம். சால்ட் லேக் நகரில் இருந்த ரேமண்ட் கோப் என்ற யூனிட்டேரியன் போதகர் இதைப் படித்து வருந்தி, சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் தலைவரிடமிருந்து பதில் வந்தது. அந்தச் செய்தி தலைவர்களுக்கே சங்கடம் தந்தது என்றும், உறுப்பினர்கள் சொந்தமாகச் சிந்திக்கக் கூடாது என்று ஜாடையாகச் சொல்வதுகூடச் சபையின் உண்மையான நிலையைத் திரிப்பதாகும் என்றும் அதில் இருந்தது. அருமையான கடிதம். ஆனால் அது ஒரு வேற்றுச் சபைப் போதகருக்குத் தனியாகப் போன கடிதம். முதலில் வந்த செய்தியைப் படித்த குடும்பங்களுக்கு அதே இதழில் மறுப்பு வரவில்லை. பந்தியில் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லுக்கு அடுப்படியில் வந்து வருத்தம் தெரிவிப்பது போன்றது இது. கேட்ட ஒருவருக்கு மனசு ஆறும், பந்தியில் இருந்தவர்களுக்கு முதலில் சொன்னதுதான் நிற்கும். உங்கள் வகுப்பில் அந்த மூத்த சகோதரி சொன்னது தானாக முளைத்ததில்லை. 1949-ல் எழுத்தில் வந்ததைத்தான் அவர் இளம் வயதில் கேட்டு வளர்ந்திருப்பார். அதனால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இந்த இரட்டைத்தன்மை சபை தொடங்கிய நாள் முதலே உண்டு. 1843 ஏப்ரலில், வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகங்களுக்கு என்னவோ விளக்கம் சொன்னார் என்று பெலத்தையா பிரவுன் என்ற வயதான மூப்பரை விசாரணைக்கு அழைத்தார்கள். ஜோசப் ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை. போதனையில் பிழை செய்தான் என்பதால் ஒருவன் நல்லவன் இல்லை என்று ஆகிவிடாது, எனக்கு விருப்பப்படி நினைக்கவும் நம்பவும் சுதந்திரம் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். அடுத்த ஆண்டு ஜூனில், தலைமைக் குழுவில் அவரோடு இருந்து பிரிந்த வில்லியம் லா முதலானோர் நாவூ நகரில் எதிர்ப்புப் பத்திரிகை ஒன்றின் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்மித் மேயராக இருந்த நகர சபையின் உத்தரவுப்படி அந்த அச்சகத்தையே உடைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், அதன் தொடர்ச்சியாகவே சிறைக்குப் போன ஸ்மித், கார்த்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். வகுப்பறைப் பிழையை மன்னித்த மனிதரால் அச்சில் வந்த எதிர்ப்பைப் பொறுக்க முடியவில்லை. 1993 செப்டம்பரில் ஆறு அறிஞர்கள், எழுத்தாளர்கள் மீது அடுத்தடுத்து நடவடிக்கை வந்ததும், 2014-ல் பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லி நீக்கப்பட்டதும் இதே கோட்டில்தான். மனசில் இருப்பதற்காக இவர்களை யாரும் விசாரிக்கவில்லை. எழுதினார்கள், கூட்டம் சேர்த்தார்கள், விசாரணை வந்தது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. தனியாகச் சொல்லலாம், சேர்ந்து சொல்லக் கூடாது என்றால், கருத்து தப்பு என்பதைவிட அது பரவிவிடும் என்ற பயம்தான் தெரிகிறது. மெக்கே 1954-ல் மேடையில் சொல்லியிருந்தால் இருபத்து நான்கு ஆண்டுகள் எத்தனையோ கறுப்பினக் குடும்பங்களின் அவமானம் குறைந்திருக்கும். அதேசமயம் நல்ல மாற்றத்தையும் மறைக்கக் கூடாது. 2013 அக்டோபர் பொது மாநாட்டில், அப்போது தலைமைக் குழுவில் இருந்த டீட்டர் உக்டார்ஃப், சபையின் உறுப்பினர்களும் தலைவர்களும் பிழை செய்த நேரங்கள் உண்டு என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் சபை தன் இணையதளத்தில் வெளியிட்ட கட்டுரை, கறுப்புத் தோல் சாபத்தின் அடையாளம் என்பது போன்ற பழைய விளக்கங்களை எல்லாம் கைவிடுவதாக அறிவித்தது. தடையே பிழை என்று அது நேராகச் சொல்லவில்லை. தொடக்கத்தை 1852-க்கும் பிரிகாம் யங்கிடமும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மிச்சத்தை வாசகரிடம் விட்டது. அந்த மிச்சத்தைத்தான் நீங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னீர்கள்.

சரி, அடுத்த வாரச் சந்திப்பு. உங்கள் பிஷப் சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. பகலில் பல் மருத்துவரோ, கணக்காளரோ, உங்களைப்போல மென்பொருள் ஆளோ, யாராகவும் இருக்கலாம். இந்த வரலாற்றை உங்கள் அளவுக்கு அவர் படித்திருக்காமலும் இருக்கலாம். பெரும்பாலும், புகார் சொன்னவரிடம் "பேசிவிட்டேன்" என்று சொல்ல வேண்டியிருக்கும் நிலையில்தான் அழைத்திருப்பார். வழக்காடப் போவதுபோல ஆதாரக் கட்டோடு போகாதீர்கள். மேலே நான் எழுதியதெல்லாம் உங்கள் தைரியத்துக்கு, அவரை மடக்குவதற்கு இல்லை. உடன் வயது வந்த ஒருவரை அழைத்துப்போக உங்களுக்கு அனுமதி உண்டு. கணவர் வந்தால் நல்லது. வராவிட்டால் மனசுக்கு நெருக்கமான ஒரு சகோதரியை அழைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு இப்படி இருக்கலாம்: "பிஷப், நான் சொன்னது என் சொந்தப் புரிதல். சபையின் போதனை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். யாருடைய மனசாவது புண்பட்டிருந்தால் அவரோடு பேசத் தயாராக இருக்கிறேன். ஆனால் நான் நினைப்பது இதுதான். அதை இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்." இதற்கு மேல் நீட்ட வேண்டாம். சொன்ன விதத்துக்கு வேண்டுமானால் வருத்தம் தெரிவியுங்கள், நம்பிக்கைக்காகத் தெரிவிக்காதீர்கள். இதற்குள் கண் கலங்கினால் கலங்கட்டும், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள்.

எது நடக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் எடுக்கும் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கலாம். அது தண்டனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். டெம்பிளுக்குள் போக அனுமதிக்கும் சீட்டான டெம்பிள் ரெக்கமெண்டைப் புதுப்பிக்கும்போது கேள்விகள் வரும். சபையின் போதனைக்கு மாறான எதையாவது ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உங்கள் மனசாட்சிப்படி நேர்மையான ஒரு வரிப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். 1978-ல் சபையே நீக்கிவிட்ட தடையைப் பிழை என்று நினைப்பது, சபையின் இன்றைய போதனைக்கு எதிரானதாக எனக்குத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் போதும், கேட்காததை எல்லாம் கொட்டத் தேவையில்லை. நீங்களோ கணவரோ பிரிகாம் யங் பல்கலைக்கழகம் போன்ற சபை நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக இருந்தால் மட்டும் எனக்குத் தனியாக எழுதுங்கள். அங்கே பிஷப்பின் ஒப்புதலும் மாதச் சம்பளமும் ஒரே முடிச்சில் இருக்கும். இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

பிஷப்பைவிட முக்கியமானவர் உங்கள் கணவர். "நீ நினைப்பது தப்பில்லை" என்று அவர் சொன்னதை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது பெரிய வார்த்தை. அந்தச் சபையில் ஐந்தாறு தலைமுறை வேர் உள்ள பிள்ளை, மனைவியிடம் அதைச் சொல்வது சுலபம் இல்லை. அவருக்கு உங்கள் கருத்து பயம் தரவில்லை, அடுத்து என்ன வரும் என்பதுதான் பயம் தருகிறது. இன்று 1978, நாளை சபையின் பழைய பலதார மணம், அதற்கு மறுநாள் "நான் இனி வரவில்லை" என்று அவர் மனசு வேகமாகக் கணக்குப் போடுகிறது. அவர் நம்பிக்கையில் கல்யாணம் இந்த ஜன்மத்தோடு முடிகிற ஒன்று இல்லை. உங்கள் மாமியார் அழுவதும் அதற்குத்தான். கறுப்பினத்தவர் மீதான தடையைக் காக்க வேண்டும் என்று அவர் அழவில்லை. பரலோகத்தில் குடும்பம் ஒன்றாக உட்காரும்போது மருமகளின் நாற்காலி காலியாக இருந்துவிடுமோ என்று அழுகிறார். அந்த அழுகைக்கு வரலாற்று ஆதாரத்தால் பதில் சொல்ல முடியாது. "நான் எங்கேயும் போகவில்லை, அத்தை" என்று அவரிடம் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். உண்மையில் உங்களுக்கே தெரியவில்லை என்றால், "இந்தக் குடும்பத்தை விட்டு எங்கேயும் போகமாட்டேன்" என்று சொல்லுங்கள். இது உங்களால் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வார்த்தை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

கணவரிடம், மகன் தூங்கிய பிறகு, சந்திப்புக்கு முன்னால் ஒரு மாலை பேசுங்கள். "நான் எதை எங்கே சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று உங்களோடு சேர்ந்து யோசிக்கத் தயார். ஆனால் வீட்டுக்குள் எனக்கு எல்லாவற்றையும் பேச இடம் வேண்டும்" என்று கேளுங்கள். சபை தருகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும் என்றேன். வீட்டில் கிடைக்கும் இடம் அப்படி மாறக் கூடாது. நான் சந்தித்த குடும்பங்களில், ஒருவருடைய சந்தேகத்தால் உடைந்தவற்றைவிட, அந்தச் சந்தேகத்தை ஆண்டுக்கணக்கில் துணையிடமே மறைத்ததால் உடைந்தவைதான் அதிகம்.

வாயை மூடுவதா, வெளியே வருவதா என்று இரண்டே வழிபோலக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் வாழ்க்கை முழுக்க இருந்தவர்கள் உண்டு. தெற்கு யூட்டாவின் செயின்ட் ஜார்ஜில் வாழ்ந்த ஜுவானிட்டா புரூக்ஸ், 1857 செப்டம்பர் 11 அன்று மவுண்டன் மெடோஸில் அந்தப் பகுதி மார்மன்கள் சுமார் 120 பயணிகளைக் கொன்றதை ஆராய்ந்து 1950-ல் புத்தகமாக வெளியிட்டார். பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். யாரும் நீக்கவில்லை, அவரும் போகவில்லை. 2007-ல், படுகொலையின் 150-ஆம் ஆண்டு நினைவில், சபையின் சார்பில் அப்போஸ்தலர் ஒருவர் வந்து ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். 1993-ல் நீக்கப்பட்ட லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன் வேறு மாதிரி. உறுப்பினர் இல்லை என்றான பிறகும் தன் வார்டுக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஞானஸ்நானம் கேட்டார், சால்ட் லேக் தலைமை மறுத்தது. 2023-ல் இறக்கும்வரை அது கிடைக்கவில்லை. அவரைப் பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வலியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. நடுவில் நிற்பதற்கும் விலை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியே வருவது உங்கள் உரிமை. ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். ஆனால் பிஷப்பின் செய்தி வந்த வாரத்தில், மாமியார் அழுத இரவில் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். மகன் வளர்ந்து டெம்பிளில் கல்யாணம் செய்தால் ரெக்கமெண்ட் இல்லாத தாய் உள்ளே போக முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 2019 முதல், முதலில் வெளியே எல்லாரும் பார்க்கச் சட்டப்படி கல்யாணம் செய்துவிட்டு, ஓராண்டு காத்திருக்காமலே டெம்பிளுக்குப் போகலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது. அது பெரிய நிம்மதி. இருந்தாலும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்தான். அதேபோல, நாளுக்கு நாள் ஞாயிறு காலை வயிறு கலங்குகிறது, பேசும் ஒவ்வொரு சொல்லையும் எடை போட வேண்டியிருக்கிறது, மகன் முன்னால் நம்பாததை நம்புவதாக நடிக்க வேண்டியிருக்கிறது என்ற நிலை வந்தால், அங்கேயே இருந்து சகித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது மறுபடி எழுதுங்கள்.

மகனின் ஞானஸ்நானம் சபைக் கட்டடத்திலேயே நடக்கும், யாரும் வரலாம். உங்கள் கணவரே அவனைத் தண்ணீரில் இறக்குவார். அதற்கு உங்கள் ரெக்கமெண்ட் தேவையில்லை. ஆனால் அதற்கு முன் பையனிடம் நீங்கள் பேச வேண்டியது ஒன்று உண்டு. பாட்டி அழுததை அவன் கேட்டிருப்பான். எட்டு வயதுப் பிள்ளைகள், தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். "அம்மா ஒரு விஷயத்தை வேற மாதிரி நினைச்சேன், பாட்டிக்கு வருத்தம், நாங்க பேசிக்கிட்டிருக்கோம், உன் ஞானஸ்நானத்துக்கு நான் முதல் வரிசையில் இருப்பேன்" என்று தமிழிலேயே சொல்லுங்கள். வேறு மாதிரி நினைக்கிற அம்மாவும் நல்ல அம்மாவாக இருக்க முடியும் என்று அவன் கண்ணால் பார்ப்பது, வளர்ந்த பிறகு அவனுக்கே உதவும்.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் இந்த வாரம் சொல்ல வேண்டாம். "அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஆரம்பித்தால், நீங்கள் குறை சொல்ல நினைத்த சபையையே அவரிடம் நியாயப்படுத்திப் பேச வேண்டிவரும். இப்போது உங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. சந்திப்பு முடிந்து, கணவரோடு ஒரு நிலைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். அதற்குள் குரலை வைத்துக் கண்டுபிடித்துக் கேட்டால், "சபையில ஒரு சின்னப் பேச்சும்மா, நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கோம், அடுத்த வாரம் விவரமா சொல்றேன்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மைதான்.